ஹடேடாவை வீட்டுக்குக் கூட்டிவந்த நாள்

போன மாசம் ஒரு நாள் முழுக்க உயிரோடிருக்கும் யாரிடமும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இதைச் சொன்னால் எங்கள் ஊரில் ஒருத்தரும் நம்புவதில்லை. "மாசிபியாவா? வாயை மூடிக்கிட்டா? அவ செத்தாக்கூட நாலு வார்த்தை சொல்லிட்டுத்தான் சாவா" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். டர்பனிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் பெரிய ஆறு நாலு இருக்கிறது. அந்த நாலையும் தாண்டி ஓர் ஆளைக் கூட்டிவந்தேன். அவன் செத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

எங்களில் ஒருவர் வெளியூரில் செத்தால் உடம்பு வந்தால் மட்டும் போதாது. உயிர் பிரிந்த இடத்துக்கு வீட்டு மனுஷர் ஒருவர் காட்டு இலந்தைக் கிளையோடு போய், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். திரும்பும்போது செத்தவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க வேண்டும். ஆறு வந்தால் "ஆறு தாண்டுறோம், கூடவே வாங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் அந்தக் கரையிலேயே நின்றுவிடுவார். கிளையைப் பிடித்தவர் அதை வீட்டில் வைக்கும்வரை உயிரோடிருக்கும் வேறு யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அந்த இடத்திலேயே செத்தவர் இறங்கிவிடுவார். அப்புறம் காலத்துக்கும் வழியில் நிற்க வேண்டியதுதான்.

நான் கூட்டிவந்தது கிளைவ் ரெட்மனை. வெள்ளைக்காரன். அவனை நான் 'அவன்' என்றுதான் சொல்வேன். என்னைவிடப் பத்து வயசு மூத்தவன்தான், ஆனால் கொழுந்தன் முறை. அந்த முறை எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவன் எங்கள் காட்டுக்கு வந்தது ஐம்பத்தாறாம் வருஷம். இருபத்தொன்பது வயசு, காட்டிலாகா அதிகாரி உத்தியோகம், முட்டி தெரியும் காக்கி டவுசர். என் வீட்டுக்காரர் அங்கே காவலர்களுக்குத் தலைவர். அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். எங்களில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்வதில்லை. மன்சீனி என்பது குலப் பெயர், ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. சம்பளப் பட்டியலில் கிளைவ் மேலே, மன்சீனி கீழே. காட்டுக்குள் கால் வைத்துவிட்டால் மன்சீனி முன்னால், கிளைவ் பின்னால். முப்பது வருஷத்துக்கு மேல் அது மாறவே இல்லை.

முதலில் எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. என் அப்பாவின் வீடு இருந்த மேடு இப்போது காட்டு வேலிக்குள் இருக்கிறது. விலங்குக்கு இடம் வேண்டும் என்று மனுஷரை விரட்டிவிட்டவர்கள் அவனுடைய ஆட்கள்தானே. என் அப்பா சமாதியைப் பார்க்க நான் சீட்டு எழுதி வாங்க வேண்டுமாம்! அதனால் அவன் வாசலில் வந்து நின்றால் கோழியைத் திட்டுகிற சாக்கில் அவனைத் திட்டுவேன். "போடி அந்தப் பக்கம், கூப்பிடாத வீட்டுல வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்பேன். அவனுக்கு எங்கள் பேச்சு நன்றாகப் புரியும். சிரித்துக்கொண்டே கோழிக்கு வணக்கம் சொல்வான்.

ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அப்பப்பா! ஹடேடா என்று எங்கள் பக்கத்தில் ஒரு பறவை. விடிவதற்கு முன்னால் கூரைமேல் வந்து உட்கார்ந்து கத்தும், கல்லெடுத்து அடித்தாலும் போகாது. காவலர்கள் கிளைவுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். காட்டுக்குள் நடக்கும்போது, இது என்ன பூ, அது யார் காலடி, அந்தக் குருவி ஏன் எருமை முதுகில் உட்காருகிறது என்று மூச்சுவிடாமல் கேட்பான். அவன் வருவது அரை மைலுக்கு முன்னாலேயே தெரிந்து மான் எல்லாம் ஓடிவிடும்.

மன்சீனி கோபப்படுகிற ஆள் இல்லை. "கேள்வியெல்லாம் பையில போட்டு வை. சாயங்காலம் அவுத்துப் பாக்கலாம்" என்பார். குச்சியால் தோளில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் வாயை மூடு. சாயங்காலம் என் அடுப்பங்கரையில் கிளைவ் பையை அவிழ்ப்பான். பத்துக் கேள்வி கொண்டுவந்திருந்தால் ஆறுக்கு அதற்குள் அவனுக்கே பதில் கிடைத்திருக்கும். "அட, இது எனக்கே தெரிஞ்சிருச்சே" என்று முழிப்பான். மன்சீனி மூக்குப்பொடி போட்டுக்கொள்வார்.

ஒருநாள் வெயில் அந்தக் குன்றைத் தொடும்வரை வாயைத் திறக்காமல் உட்கார் என்று அவனை ஒரு மரத்தடியில் விட்டுவிட்டுப் போனார். திரும்பிவந்து பார்த்தால், இவன் மண்ணில் குப்புறப் படுத்துக் கிசுகிசுத்துக்கொண்டிருக்கிறான்.

"யார்கிட்டடா பேசுற?"

"எறும்புகிட்ட, மன்சீனி. எறும்பு கணக்குல வராதுன்னு நெனச்சேன்."

மூன்றாவது வருஷம் காண்டாமிருகம் எண்ணப் போனார்கள். புதருக்குள் ஒரு கறுப்புக் காண்டாமிருகம், பக்கத்தில் பிறந்து சில நாளே ஆன குட்டி. மன்சீனி குச்சியால் இரண்டு தட்டு தட்டினார். குட்டியைப் பார்த்த சந்தோஷத்தில் இவன் "அடடா, என்ன அழகு!" என்று கத்திவிட்டான். தாய் சும்மா இருக்குமா? ரயில் மாதிரி வந்தது. மன்சீனி இவனைப் பின்னாலிருந்து தள்ளி, கிட்டே இருந்த மரத்தில் ஏற்றிவிட்டு, தானும் ஏறினார். அந்த மரம் காட்டு இலந்தை. அதற்கு ஒரு முள் நேராக, ஒரு முள் கொக்கியாக இருக்கும். காண்டாமிருகம் கீழே ஒரு மணி நேரம் நின்றது.

சாயங்காலம் என் முற்றத்தில் பாயில் குப்புறப் படுத்துக் கிடந்தான். ஊசியால் முள்ளெடுத்தது நான்தான். இருபத்துமூன்று முள். ஊசியைக் கொஞ்சம் ஆழமாகவே இறக்கினேன், பொய் சொல்வானேன்.

மன்சீனி ஒரு முள்ளை எடுத்து அவன் கண்ணெதிரே காட்டினார். "இந்த நேர்முள் இனி நீ போற வழி. கொக்கிமுள் நீ வந்த வழி. ரெண்டும் உன் பின்னாடியே ஏறிருக்கு. மறந்துடாத."

"மறக்கிறதா? இனி உக்காரவே முடியாதே, மன்சீனி!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தும் வந்துவிட்டது. அதன்பிறகு காட்டுக்குள் அவன் வாய் அடங்கியது. வெளியே வந்ததும் சேர்த்துவைத்துப் பேசினான், அது வேறு விஷயம்.

அந்த வருஷமே, நான் கேட்காமலே, சீட்டு எழுதி எடுத்துக்கொண்டு வந்தான். அப்பாவின் சமாதி வரைக்கும் துப்பாக்கியோடு எனக்கு முன்னால் நடந்து வந்தான். சமாதி தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தூரத்திலேயே நின்றுவிட்டான். நான் அழுது முடித்து, அப்பாவிடம் ஊர்க்கதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை ஒரு சத்தம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அப்படிக் கூட்டிப் போனான். நான் கோழியைத் திட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

பெரிய அதிகாரிகள் வந்து, ஆற்றங்கரையில் சுற்றுலாக்காரர்களுக்கு ரோடு போட வேண்டும் என்றபோது, "அந்தப் பக்கம் கால் மட்டும்தான் வரலாம், சக்கரம் வரக் கூடாது" என்று எதிர்த்து நின்றவன் அவன். ஏன் என்று கேட்டால், "மன்சீனி சொன்னாரு" என்பான். காண்டாமிருகங்களைக் கூண்டில் ஏற்றி, அவை அழிந்துபோன ஊர்களுக்கு லாரியில் அனுப்பினான். யாராவது பாராட்டினால் அதற்கும் "மன்சீனி சொன்னாரு" தான். அவன் பெண்டாட்டி காட்டு வாழ்க்கை ஒத்துவராமல் மகளைக் கூட்டிக்கொண்டு கனடாவுக்குப் போய்விட்டாள். அவன் போகவில்லை.

எல்லாரும் அவனை மெச்சினார்கள் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டு மாங்கேமாவின் புருஷன் வேலிக்குள் கண்ணி வைத்து மான் பிடித்தான். அவனைப் போலீசில் பிடித்துக் கொடுத்தது கிளைவும் மன்சீனியும். ஆறு மாசம் ஜெயில். அன்றிலிருந்து மாங்கேமாவுக்கும் எனக்கும் பேச்சென்றால் ஏச்சுதான்.

எண்பத்தொன்பதில் மன்சீனிக்கு நெஞ்சில் நீர் கோத்து டர்பன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே போய்விட்டார். உடம்பு காட்டிலாகா லாரியில் வந்துவிட்டது. உயிரை யார் அழைத்துவருவது? எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை, இரண்டும் பெண், கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தார்கள். அந்த வருஷம் கட்சிச் சண்டையில் எங்கள் பக்கத்து ஆம்பிளை டர்பன் போனால் திரும்பி வருவான் என்று சொல்ல முடியாது. மன்சீனியின் தம்பி, ஆறடி உயரம், வாசல்படியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கிளைவ் வந்து நின்றான். "நான் போறேன், மாசிபியா. என் வண்டியிலேயே போறேன்."

"வெள்ளைக்காரன் பின்னால எங்க அண்ணன் எப்படி வருவாரு?" என்றார் தம்பி.

"முப்பது வருஷம் அவரு பின்னால இவன் நடந்தான்ல? ஒரு நாள் அவரு இவன் பின்னால நடந்தா கால் தேஞ்சா போகும்? பயந்து உக்காந்திருக்கிறவருக்குப் பேச்செதுக்கு?" என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கோ வாய் திறந்துவிட்டான், இவன் வாய் தெரிந்தும் அனுப்பினேனே, என் மனுஷர் எந்த ரோட்டோரம் நிற்கிறாரோ என்று என்னையே திட்டிக்கொண்டேன். சனிக்கிழமை உச்சியில் வண்டி வந்தது. உதடு கிழிந்து வீங்கியிருந்தது. என்னைப் பார்க்காமலே உள்ளே போய், பின்சுவரடியில் முன்னோர்களுக்கு உரிய இடத்தில் கிளையை வைத்தான்.

"மன்சீனி, வீடு வந்துடுச்சு. மாசிபியா வாசல்ல நிக்கிறா. கோவமா இருக்கா" என்றான்.

கோபமாவது! ஆனால் வாயிலிருந்து வந்தது என்ன? "ஒரு நாள் தாமசம்! இதான் நீ கூட்டிவர்ற லட்சணமா?"

"வழியில கொஞ்சம் நிக்க வேண்டியதாப் போச்சு."

"உதட்டுல என்ன?"

"முள்ளு கிழிச்சிடுச்சு."

நான் சுரைக்குடுக்கையை இறக்கி, மன்சீனியின் கிண்ணத்தில் புளித்த பாலை ஊற்றி அவன் முன்னால் வைத்தேன். எங்கள் வீடுகளில் புளித்த பால் சொந்தத்துக்கு மட்டும்தான். விருந்தாளிக்குக் கறி கிடைக்கும், பீர் கிடைக்கும், புளித்த பால் கிடைக்காது. முப்பத்துமூன்று வருஷம் வந்துபோனவன், அதைத் தொட்டதில்லை, கேட்டதுமில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தான். குடித்து முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம், அண்ணி" என்றான். அன்றைக்குத்தான் முதல்தடவை அப்படிக் கூப்பிட்டான்.

மூன்று மாசம் கழித்து எங்கள் பக்கத்து ஊர்ப் போலீஸ்காரர் ஒருவர் வந்து விஷயத்தைச் சொன்னார். வழியில் ராணுவத் தடுப்பு. முன்சீட்டில் ஒரு முள்கிளைக்கு பெல்ட் போட்டு உட்காரவைத்து ஓட்டிவந்த வெள்ளைக்காரன், பெயர் கேட்டால் சொல்லவில்லை, எங்கிருந்து வருகிறாய் என்றால் சொல்லவில்லை. பைத்தியம், இல்லையென்றால் ஆயுதம் கடத்துகிறவன் என்று நினைத்து அறைந்திருக்கிறார்கள். இரவு லாக்கப். மடியில் கிளை. "மன்சீனி, கொஞ்சம் பொறுத்துக்குங்க, ரெண்டு பேரும் உள்ள இருக்கோம்" என்று அதனிடம் மட்டும் சொன்னானாம். காலையில் வேலைக்கு வந்த இந்தப் போலீஸ்காரர் கிளையைப் பார்த்துப் புரிந்துகொண்டு விடுவித்திருக்கிறார். ஒரு வார்த்தை இங்கிலீஷில் சொல்லியிருந்தால் அவனுக்கு சல்யூட் அடித்து அனுப்பியிருப்பார்கள். எறும்பிடம்கூடப் பேசாமல் இருக்க முடியாத அந்த வாயன் சொல்லவில்லை.

அன்றைக்கே நான் ஓடிப்போய் நன்றி சொல்லியிருக்க வேண்டும். திட்டின வாயால் எப்படிச் சொல்வது என்று கூச்சம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்தான், சோளப் புட்டும் புளித்த பாலும் சாப்பிட்டான், மன்சீனியைப் பற்றிப் பேசினான். நாளைக்கு, நாளைக்கு என்று இருபது வருஷம் ஓடிவிட்டது.

எண்பத்திரண்டு வயசில் விழுந்துவிட்டான். டர்பன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போய்ப் பார்க்கப் பஸ் ஏறுவதற்குள் சேதி வந்துவிட்டது. எரித்து, சாம்பலைக் கனடாவில் இருக்கும் மகளுக்குப் பார்சலில் அனுப்பினார்கள். அவள் பாவம், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவு. சாம்பல் கடல் தாண்டிப் போனது. ஆள் அந்தக் கட்டிலருகிலேயே அல்லவா நிற்பான்?

கிளை வெட்ட நான் அரிவாளை எடுத்தபோது மன்சீனியின் தம்பி, இப்போது தடியூன்றி நடக்கிறவர், குறுக்கே வந்தார். "ஆம்பிளை போற வேலை இது. அவன் நமக்கு என்ன உறவு?"

"என் வீட்டுப் பால் குடிச்சவன். வேற அத்தாட்சி வேணுமா?"

"சரி, போ. ஆனா உன் நாக்கை இங்க வச்சிட்டுப் போ. பாதி வழியில அவனைத் தொலைச்சிட்டு வராத."

அவர் அதைச் சொன்னது பயத்தில்தான். எனக்கும் அதே பயம்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதற்குள் வேறு ஆள் படுத்திருந்தார். நர்ஸ் எங்கள் இனத்துப் பெண். கிளையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் திரையை இழுத்துவிட்டாள். "கிளைவ், அண்ணி வந்திருக்கேன். கிளம்பு, வீட்டுக்குப் போகலாம்" என்றேன். அங்கே தொடங்கியது என் மௌனம்.

பஸ்ஸில் இரண்டு டிக்கெட். ஜன்னல் சீட்டில் கிளை, பக்கத்தில் நான். கூட்டம் நெரிகிறது. அப்போது பார்த்து ஏறுகிறாள் மாங்கேமா! மகள் வீட்டுக்கு வந்திருப்பாள்போல.

"காலி சீட்டை வச்சுக்கிட்டு மகாராணி மாதிரி உக்காந்திருக்கா பாரு!" என்றவள் கிளையைப் பார்த்தாள். முகம் மாறியது. "யாருக்கு? அந்த ஹடேடாவுக்கா? என் புருஷனை உள்ள தள்ளினவனுக்கு சீட்டு, எனக்கு நிக்கிற இடமா? ஏன்டி, பேச மாட்டியா? இன்னைக்குப் பேச முடியாதுல்ல? நல்லா மாட்டிக்கிட்ட!"

என்னிடம் ஏழு பதில் இருந்தது. ஒவ்வொன்றும் முத்து மாதிரி. ஏழையும் விழுங்கினேன். அவள் என் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உம்கெனி ஆறு உடனே வந்துவிட்டது. "ஆறு தாண்டுறோம், கிளைவ்." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தேன். இன்றைக்கு நான் பேசக்கூடிய ஒரே ஆள் இவன்தான். இருபது வருஷமாகச் சொல்லாததை இப்போது சொல்லாமல் எப்போது சொல்வது? ஆரம்பித்தேன். "என் அப்பா சமாதிக்குக் கூட்டிப் போனியே, நன்றி. தொப்பியைக் கழட்டினியே, அதுக்கு. உதட்டுல முள்ளு கிழிச்சதுன்னு பொய் சொன்னியே, அதுக்கு. என் மனுஷரை ரோட்டுல விடாம கொண்டுவந்தியே, கிளைவ், அதுக்கு நன்றி. அன்னைக்கு நான் கோவமா இல்லடா, பயந்து செத்திருந்தேன்." கரும்புத் தோட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன. பஸ்ஸே கேட்டது, கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். துகேலா ஆறு வந்தபோது "ஆறு தாண்டுறோம்" என்பதை அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அழுகை ஓய்ந்ததும், இந்த வயசில் என்ன வரும்? தூக்கம் வந்தது.

தோளில் குடைக் காம்பு இடித்தது. ஒரு இடி, இரண்டு இடி. "ஏய் மாசிபியா! ஆறு! ஆறு வந்துடுச்சுடி! சொல்லு, சொல்லு!"

விழித்தால், பஸ் பாலத்தில் ஏறுகிறது. உம்லதூஸே! புதுப் பாலம் ரோடு மாதிரியே தட்டையாக இருக்கிறது, தெரியவே தெரியாது. "கிளைவ், ஆறு! ஆறு தாண்டுறோம், வாடா!" என்று அலறினேன். கிளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்ததில் முள் குத்தியது. பாலம் முடிந்தது. திரும்பி மாங்கேமாவைப் பார்த்தேன். வாய் திறக்கப் போனேன். அவள் குடையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மூடு! எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். உனக்காகச் செய்யல. அவன் இங்க நின்னா இந்த ஊர்க்காரங்க தூங்க வேணாமா?" குடையை இறக்கினாள். பிறகு என்னிடம் இல்லை, கிளையிடம் சொன்னாள்: "என் மனுஷன் ஜெயில்ல இருந்த ஆறு மாசமும் விடியறதுக்கு முன்னாடி வாசல்ல மாவு மூட்டை வச்சிட்டுப் போவ. டயர் தடம் எனக்குத் தெரியாதா? நானும்தான் உன்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல."

எனக்கு அது தெரியவே தெரியாது. மன்சீனிக்குத் தெரிந்திருக்கும். என்னிடம் சொன்னதே இல்லை.

உம்ஃபொலோசி ஆறு வந்தபோது நான் வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்தும் குரல் வந்தது. இரண்டு கிழவிகளும் சேர்ந்தே சொன்னோம்: "ஆறு தாண்டுறோம், கிளைவ். கூடவே வா."

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என் பையை அவள் பிடுங்கித் தூக்கிக்கொண்டாள். கேட்டேனா நான்? கேட்கத்தான் முடியுமா? மேட்டில் மூச்சு வாங்க, முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தாள். நான் உள்ளே போய்ப் பின்சுவரடியில் மன்சீனியின் இடத்துக்குப் பக்கத்தில் கிளையை வைத்தேன்.

"மன்சீனி, உங்க ஆளு வந்துட்டான். இருபது வருஷத்துக் கேள்வியைப் பையில கட்டிக்கிட்டு வந்திருப்பான். அவுத்துப் பாருங்க. இனி நீங்களாச்சு, அவனாச்சு."

இனி நான் பேசலாம். வாசலைப் பார்த்துத் திரும்பினேன். மாங்கேமா படிக்கு வெளியே பையோடு நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது வருஷத்தில் என் வீட்டுப் படியை அவள் மிதித்ததில்லை. விழுங்கிய ஏழு பதிலும் தொண்டையில்தான் இருந்தன. அவற்றையெல்லாம் தள்ளிவிட்டு வேறொன்று முன்னால் வந்தது.

"நன்றி, மாங்கேமா."

"சொன்னாப் போதுமா?" என்றாள். "டர்பன்லேருந்து நின்னுக்கிட்டே வந்திருக்கேன், காலு கெஞ்சுது. உள்ள கூப்பிட்டு ஒரு வாய் பால் ஊத்தக் கூடாதா?"

சுரைக்குடுக்கையை இறக்கினேன்.